பள்ளத்துக்குக் குடிவந்தவர்

வீடு கேட்டு வருகிறவர்கள் குழாயில் தண்ணீர் வருமா என்று பார்ப்பார்கள். தரையில் இருக்கும் பள்ளத்துக்காகவே குடிவந்த மனிதர், ஆரணியில் மட்டுமில்லை, உலகத்திலேயே எங்கள் குழிக்காரர் ஒருவர்தான்.

வாடகைக்கு விடுவது எனக்குப் புதிதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர், சுவரெங்கும் ஆணி அடிக்கிறவர் என்று எல்லாரையும் மேய்த்தவள் நான். பக்கத்துப் போர்ஷனில் தறி போட்டிருந்த குடும்பம் சேவூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனது. தறியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதை மூட மேஸ்திரியை வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் இவர் வந்துவிட்டார். நாற்பது வயசிருக்கும், தனி ஆள், தோளில் கம்ப்யூட்டர் பை. சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்க் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆயா, இத்த மூடிடாதீங்க.”

“தறி போடப் போறீங்களா தம்பி?”

“இல்ல ஆயா, ஆபீஸ் வேலை. வூட்லயே உக்காந்து பண்றது. இடுப்பு வலிக்கு எத்தினி நாற்காலி வாங்கிட்டேன்! ஒண்ணுகூட இதுமாரி அமையல.”

அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கவலை.

குழியின் விளிம்பில் கம்ப்யூட்டர், அதைச் சுற்றிப் பாம்புக்குட்டிகள் மாதிரி ஒயர்கள். பேசும்போது காலை வேறு ஆட்டுவார். ஜன்னல் வழியாகப் பார்த்த பட்டுக்கடை ஆள் ஒருவர், இவர் நெய்கிறார் என்று நினைத்து, “எப்ப முடியும்?” என்று கேட்டிருக்கிறார். இவர் காதில் மாட்டிய கருவியில் ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வெள்ளிக்கிழமை குடுத்திடறேன் சார்.” வெள்ளிக்கிழமை அந்த ஆள் புடவை வாங்க வந்து நின்றார்!

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுக்கி விழுந்தால்? எலி கடித்தால்? கரண்டு அடித்தால்? வீட்டுக்காரியைத்தானே கேட்பார்கள்?

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் போகிறது என்று எல்லாரும் பார்க்கப் போனார்கள். நான் பக்கத்துப் போர்ஷனுக்கு ஓடினேன். நினைத்தபடியே குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. மனிதர் எழுந்தாரா? குழிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்து, பக்கெட்டுக்கு ஒரு காலாக விட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார். பக்கெட் மிதக்கப் பார்க்கிறது, இவர் மிதித்து அமுக்குகிறார்.

“தம்பி, கரண்டுப்பா! ஜல்தியா ஏந்திரிங்க!”

“மீட்டிங் நடந்துகினு இருக்கு ஆயா, அஞ்சு நிமிஷம்.”

ஒரு ஒயர் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தொங்கியது. வாசலுக்கு ஓடி மெயினை அணைத்தேன்.

“இன்னா ஆயா இப்படிப் பண்ணிட்டீங்க? பெரிய ஆபீசர் பேசிகினு இருந்தாரு! வேலையே போயிடும்!”

“போனா போவட்டும்! வேற வேலை தேடிக்கலாம். வூட்ல ஒரு சாவு வுழுந்தா அப்புறம் எவன் குடி வருவான்?”

கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சென்னையிலிருக்கும் என் மகன் விஷயம் தெரிந்து போனில் குதித்தான். “பேஜாரு புடிச்ச ஆளும்மா. காலி பண்ணச் சொல்லு. டைல்ஸ் போட்டு வேற ஆளுக்கு வுடலாம்.”

மழை விட்டதும் மேஸ்திரி வந்தார். குழியில் மண்ணைக் கொட்டக் கொட்ட, குழிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நெருங்கின சொந்தக்காரரைப் புதைக்கிற முகம். என்னால் பார்க்க முடியவில்லை.

“மேஸ்திரி, மண்ணு ரொம்பினதும் அதுக்கு மேல ஒரு மேடை கட்டுப்பா. நடுவுல அதே மாரி குழி வுடு.”

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். “பள்ளத்த மேல தூக்கிக் கட்டணுமா? ஒரு நாற்காலி வாங்கிப் போட்டா ஆவாதா ஆயா?”

“நாற்காலி வேற, குழி வேற மேஸ்திரி!” என்றார் குழிக்காரர். உயிர் வந்துவிட்டது அவருக்கு.

மேடை பாதி அறையை அடைத்துக்கொண்டது. இனி அந்த இடம் வேறு எந்தக் குடித்தனத்துக்கும் உதவாது.

மகன் மறுபடி கூப்பிட்டான். “காலி பண்ணிட்டாராம்மா?”

“அவரு இருக்கட்டும்டா.”

அன்றைக்கும் மழை பிடித்தது. பக்கத்துப் போர்ஷனில் அவர் ஆபீஸோடு இங்கிலீஷில் சண்டை போடுவது சுவரைத் தாண்டி வந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று படுத்துக்கொண்டேன்.