காலத்தின் மேல் ஒரு மனு

சங்கரன்கோவிலில் ஆங்கிலக் காதல் கவிதையை மனு என்று எண்ணிப் படித்த ஒரே மனிதர் பெட்டிஷன் அண்ணாச்சிதான். நடந்தவை வருமாறு:

1. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிவந்த அவருக்கு, இன்டர்மீடியட் தேர்வில் தேறினால் கோர்ட்டில் குமாஸ்தா வேலை என்றார்கள்.
2. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் கவிதை பாடத்தை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத் தாளில் மூன்று முறை தோற்றார்.
3. நான்காவது முறையும் தோற்றால் வயது வரம்பு தாண்டிவிடும்.
4. எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆசிரியையான என்னிடம் புத்தகத்தோடு வந்தார். பதினான்கே வரியில் முடியும் சானெட் என்ற கவிதைகள்தான் அவருக்குச் சிக்கல்.

"டீச்சர், இந்த ஆளு காலத்து மேல புகார் எழுதுதான். 'காலம் எல்லாத்தையும் அழிச்சிரும், எம் பிரியமானவ மட்டும் இந்த வரியில இருப்பா'ங்கான். சரி, அவனுக்கு என்ன வேணும்? கோரிக்கையே இல்லியே!"

"இது மனு இல்ல அண்ணாச்சி, கவிதை."

"இருக்கட்டும். பன்னெண்டு வரி அழுதுட்டு, கடைசி ரெண்டு வரியில நிமிந்து நிக்கான். தாசில்தார் அதுவரைக்கும் படிப்பாரா?"

கவிதையின் கட்டுமானம் அவருக்கு அத்துப்படி. பொருள்தான் பிடிபடவில்லை. 'மனுதாரர்: காதலன். எதிர்மனுதாரர்: காலம்' என்றே விடை எழுதிப் பழகினார்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு குருவிகுளத்திலிருந்து மாடத்தி என்பவர் அவரிடம் வந்தார். இறந்துபோன கணவர் பெயரை நிலப் பட்டாவிலிருந்து நீக்கி, தன் பெயரைச் சேர்க்க மனு வேண்டும். அண்ணாச்சி எழுதி, டைப் அடிக்க அவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து படித்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, அவுக பேர அடிக்காதீய. எம்பேரு பக்கத்துல வரட்டும்."

"செத்தவருக்கு எதுக்கும்மா நிலம்?"

"நிலம் யாரு கேட்டா? தாளுல அவுக இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கரிசக்காட்டுல பாடுபட்டவுக பேரு வேற எங்கன எழுதியிருக்கு?"

அண்ணாச்சி பேனாவை மூடினார். புத்தகத்தை எடுத்து, கடைசி இரண்டு வரிகளை மெதுவாகப் படித்தார்.

"டீச்சர், இவன் ஒண்ணும் கேக்கல. கேட்டாலும் கிடைக்காதுன்னு தெரிஞ்சவன். பேர எழுதி வைக்கான், அவ்வளவுதான்."

மனுவில் இரண்டு பெயர்களையும் டைப் அடித்தேன். தாசில்தார் இறந்தவர் பெயரைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். கார்பன் நகலை மாடத்தி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அதில் இரண்டு பெயர்களும் இருந்தன.

அண்ணாச்சி தேறினார். இப்போது தென்காசிப் பக்கம் ஒரு கோர்ட்டில் குமாஸ்தா. எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். அனுப்புநர் இடத்தில் அவர் பெயர், பெறுநர் இடத்தில் என் பெயர், பொருள் எல்லாம் முறைப்படி இருக்கும். கோரிக்கை மட்டும் இருக்காது. இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.