ஐம்பதாவது கையெழுத்து

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை அடியோடு திருத்தத் தகுதியான இடம் வாஷிங்டன் அல்ல, சரவணம்பட்டி வேலாத்தாள் என்கிளேவ் அடுக்குமாடிக் குடியிருப்பின் பி பிளாக் பார்க்கிங்தான் என்பதை உலகம் இன்னும் உணரவில்லை. உணர்ந்த ஒரே மனிதர் குடியிருப்போர் சங்கத் தலைவர் கதிரேசன். அவர் மகன் மோகன்குமார் டல்லாஸில் பதினோரு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். பேத்தியைக் கதிரேசன் போனில்தான் பார்த்திருக்கிறார். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஞாயிறு காலை "சர்வதேச அவசரப் பொதுக்குழு" கூடியது. செயலாளர் கிளாடிஸ் அமெரிக்க அரசுக்கு அனுப்பவேண்டிய மனுவை வாசித்தார்: "ஓர் ஊரில் பத்தாண்டு உழைத்தவர் அவ்வூர்க்காரரே. அவரைக் காகிதம் கேட்டு அலைக்கழிப்பது நாகரிகத்துக்கு இழுக்கு."

"இழுக்கு பத்தாதுங்க அம்மணி, பேரிழுக்குன்னு போடுங்க. வெள்ளைக்காரனுக்கு உறைக்கோணும்," என்றார் கதிரேசன்.

"தமிழ்லயாங்க அனுப்பறோம்?"

"பின்னே? வேணும்னா ஆள் வெச்சுப் படிச்சுக்கட்டுங்க."

பலத்த கைதட்டலுக்கிடையே பேரிழுக்கு நிறைவேறியது.

அப்போது தூணோரம் நின்றிருந்த ரிஃபத் முன்னால் வந்தார். பீகார்க்காரர். என்கிளேவின் தண்ணீர் மோட்டார், தோட்டம், அடைத்துக்கொள்ளும் சாக்கடை எல்லாம் பத்து வருஷமாக அவர் பொறுப்பு. ஜெனரேட்டருக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருக்கிறார்.

"ஏனுங்க சார், மகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கோணுங்க. இங்கதான் குடியிருக்கறோம்னு சங்கத்து லெட்டர் கேக்கறாங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க."

கூட்டம் ஆழ்ந்த ஆலோசனையில் இறங்கியது. அமெரிக்காவைப் போல எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மறுக்கிற வழக்கம் கொங்கு நாட்டில் கிடையாது. முதலில் உட்காரச் சொன்னார்கள். நாற்காலி இல்லாததால் நின்றார். காப்பி கொடுத்தார்கள். மகள் பெயரைக் கேட்டார்கள். ஆஃப்ரின் என்றதும் மூன்று பேர் "நல்ல பேருங்க" என்றார்கள். அதற்குப் பிறகுதான் மறுத்தார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு," என்றார் கதிரேசன். "நீங்க இங்க குடியிருக்கறீங்கன்னு நாங்க எப்படீங்க சொல்றது? வேலைக்குத்தானுங்களே வந்தீங்க? லெட்டர் குடுத்துப்போட்டா நாளைக்கு உரிமைம்பீங்க."

"பத்து வருஷமாச்சுங்களே சார்?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். பத்து வருஷம் காகிதமில்லாம நல்லாத்தானே இருந்தீங்க?"

இத்தனை 'ங்க' போட்டு ஒரு மனிதரை எந்தத் தூதரகமும் திருப்பி அனுப்பியதில்லை. ரிஃபத் காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றார்.

அடுத்து கையெழுத்துப் படலம். அமெரிக்காவின் ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது கையெழுத்து என்பது கதிரேசன் வகுத்த ராஜதந்திரம். எண்ணினால் நாற்பத்தொன்பது. மிச்சமிருந்த ஒரு வீட்டுக்காரர் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போய்விட்டார். ஒரு மாநிலம் கைவிட்டுப் போகிற நேரத்தில் கதிரேசனின் கண்ணில் ரிஃபத் பட்டார்.

"கண்ணு, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களையாட்டம் ஊரு உட்டு ஊரு போயி ஒழைக்கறவங்களுக்காகத்தானுங்க கேக்கறோம்."

பத்து வருஷத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றிருந்த ரிஃபத், வரி வரியாக வாசித்துவிட்டுத் தமிழிலேயே கையெழுத்திட்டார். அடியில் கதிரேசன் எழுதினார்: "மேற்கண்ட ஐம்பது பேரும் இம்முகவரியில் நிலையாகக் குடியிருப்பவர்களே எனச் சான்றளிக்கிறேன்." ஓங்கி முத்திரை குத்தினார்.

ரிஃபத் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சார், இதுல ஒரு ஜெராக்ஸ் குடுங்க, போதுமுங்க. பள்ளிக்கூடத்துல காட்டிச் சேர்த்துப்போடறேன்."

கதிரேசன் மனுவை உறைக்குள் செருகி, பசை தடவி, அழுத்தி ஒட்டினார். அவர் குரலில் துளிக் கோபமில்லை.

"இது அமெரிக்காக்காரன் நம்பறதுக்கு எழுதுனதுங்க கண்ணு. நம்மூர்ல செல்லாதுங்க."