கண்மாய்க்கு ஓர் உல்லாசப் பயணம்

தெரிந்த விஷயத்தைப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். தெரியாத விஷயம் என்றால் அடித்துப் பேசுவேன்.

கல்யாணமான மறு வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. ஊரை விட்டுப் போக மனமில்லை. அதை வாய் திறந்து சொல்லாமல் இருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"அங்க பார்க் இருக்கு, ஏரி இருக்கு. லீவு நாளானா மலையேறப் போறாங்க. இங்கன என்ன இருக்கு? வெயில் இருக்கு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அச்சகத்தில் கழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், சிவகாசி. வீட்டுப் படியிறங்கி எவ்வளவு நேரத்தில் மரநிழலில் நடக்கலாம், மலையேறலாம், தண்ணீரில் கால் வைக்கலாம் என்று கணக்கு. பெங்களூர்க்காரர் நெரிசலைத் தாண்டி மலையைப் பார்ப்பதற்குள் சிவகாசிக்காரர் அருவியில் குளித்துத் தலை துவட்டிவிடுவார் என்று முடிவு வந்தது. (கணக்குப் போட்டவள் நான், வேறு என்ன வரும்?) சென்னைக்குக் கடல் இருந்தது. 'வண்டி நிறுத்த இடமில்லை' என்று எழுதி அதைக் கீழே இறக்கினேன். சிவகாசிக்கு நேரே எழுதிய எந்த இடத்துக்கும் நான் போனதில்லை என்பது மட்டும்தான் குறை. எல்லாம் போனில் பார்த்தது.

அவர் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போ. நீ எழுதுனது நெசம்னா திங்கக்கிழமை வேலை வேணாம்னு சொல்லிடுறேன்."

ஞாயிறு காலை மாமியாரும் புளியோதரைத் தூக்கோடு காரில் ஏறிக்கொண்டார்.

ராஜபாளையம் தாண்டி அருவிக்குப் போகிற வழியில் சங்கிலி கட்டியிருந்தது. "காட்டுத்தீ காலம்மா, யாரையும் விடுறதில்ல. மழை பேஞ்ச பெறகு வாங்க" என்றார் காவலுக்கு இருந்தவர். அருவியிலும் தண்ணீர் இல்லை என்று கூடுதலாக ஒரு தகவல் தந்தார். நான் கேட்காத தகவல்.

"அப்ப சோத்தை எங்கன வச்சுத் திங்கிறது?" என்றார் மாமியார்.

போனில் தேடினேன். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. "ஏரி! நம்ம வீட்டுல இருந்து இருபதே நிமிஷம்" என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார்.

கண்மாயில் சீமைக்கருவேலமும் வெடித்த மண்ணும்தான் இருந்தன. ஆனால் நடுவில் ஏதோ மினுங்கியது. "அந்தா தண்ணி! வாங்க" என்று முன்னால் நடந்தேன். மண் காய்ந்து ஓடுபோல் இருந்ததால் நம்பிக்கையோடு நடந்தேன். நாற்பது அடி வரை நம்பிக்கை தாங்கியது. அதற்குப் பிறகு ஓடு உடைந்து முழங்கால் வரை உள்ளே போனேன். காலை உருவப் பார்த்ததில் தொடை வரை போனேன்.

பயந்துவிட்டேன். இப்போது எழுதச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது கைக்கு எட்டிய மண்ணையெல்லாம் பிறாண்டினேன். அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார். கரைமேல் மாடு பிடித்து நின்ற ஒரு பெண் அதட்டினாள்: "ஏய்யா, நீங்களும் எறங்காதீக! ரெண்டு பேரை எவ இழுக்குறது?"

அய்யம்மாள் என்று பெயர், பக்கத்துத் தோட்டத்துக்காரி. மாட்டுக் கயிற்றை அவிழ்த்து என் பக்கம் வீசினாள். "நிமிராதீக தாயி! குப்புறப் படுங்க!"

படுத்தேன். அவளும் அவரும் கயிற்றை இழுக்க, புதுச் சுடிதாரோடு முதலைபோல் ஊர்ந்து கரை சேர்ந்தேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "அடிகிடி பட்டுருச்சாத்தா?" என்றார். இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அய்யம்மாள் எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் தொட்டியில் திமுதிமுவென்று கொட்டியது. நான் சேற்றைக் கழுவிக்கொண்டிருக்கையில் அவர் சட்டையோடு உள்ளே குதித்தார். சற்று நேரத்தில் மாமியாரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். வேப்பமரத்தடியில் நால்வரும் புளியோதரை சாப்பிட்டபோது மணி மூன்று.

காரில் ஏறும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊரை விட்டு வரப் பிடிக்கலைன்னு சொல்லியிருந்தா போதும்ல? இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சேறு?"

நான் தலையாட்டினேன். அழுகை வந்தது, அப்போதுதான் தொட்டியில் முகம் கழுவியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் 'குடும்பக் காரணங்கள்' என்று பெங்களூருக்கு எழுதிப் போட்டார். அய்யம்மாள் தோட்டத்துக்கு இன்றும் போய்வருகிறோம். மாமியார் இந்தக் கதையைத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. அதிலிருந்து வீட்டில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் உடனே யாராவது கேட்பார்கள்: "போன்ல பார்த்தியா, கால் வச்சுப் பார்த்தியா?"

போன வாரம் "பால் காய்ஞ்சிருச்சு" என்றேன். ஐந்து வயது மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தக் கேள்வியையே கேட்டாள். பதில் சொல்வதற்கு முன் எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.