சூப்பர்வைசருக்கு ஒரு கப் ஐஸ்கிரீம்

முட்டையின் வெள்ளைக்கரு நெஞ்சுக்குழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சலவை நிலையத்தின் சரக்கறையில், துவைத்து மடித்த ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

தப்பு அவருடையதுதான். "நல்லா மென்னு கூழாக்கி முழுங்கணும், அவசரமே கூடாது" என்று ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் வெளியே மெஷின் ஒன்று நின்றுபோன மாதிரி காதில் பட்டது. எவன் நிறுத்தினான் என்று பார்க்கிற அவசரத்தில் அப்படியே விழுங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இஸ்திரியக்கா கதவைத் திறந்தாள்.

"சார், அந்தப் பெரிய ஹோட்டல் கட்டு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் கையில் பாதி கடித்த முட்டை, கன்னத்தில் கண்ணீர், இடுப்பில் கொசுவம் மாதிரி சுருக்கி பெல்ட்டால் இறுக்கிய பேண்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

பேச முடியாமல் அவர் கையை ஆட்டினார். ஒன்றுமில்லை, போ என்று அர்த்தம். அவள் வந்த காரியத்தைச் சொல்லாமலே கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

போச்சுடா என்று நினைத்தார் சூப்பர்வைசர்.

பெருத்த உடம்பு குறையட்டும் என்று அவருக்கு வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்கு முன் நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்குவார். மனைவி காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தாள். வேலையிடத்தில் மட்டும் "வயித்துல சின்னக் கோளாறு" என்று சொல்லி லீவு போட்டிருந்தார். மற்றவர்களெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு வாங்குகிறார்கள், வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றையே வெட்டிக்கொண்டவன் என்று தன்னைப் பற்றி வெளியே சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது.

உடம்பு வற்றியது. சிரிப்பும் கூடவே வற்றிவிட்டது. முன்பெல்லாம் அவரும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்தால் கடைசித் துண்டு யாருக்கு என்று சண்டை நடக்கும். இப்போது ஒரு சின்னத் தட்டில் நாலு வாய் கோழியை வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் எதிரில் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. அங்கே நின்றுகொண்டே அவள் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டபடி இவர் இங்கே மென்றுகொண்டிருப்பார்.

முட்டை ஒருவழியாக இறங்கியதும் வெளியே வந்தார். முதல் வேலையாக ஒரு தலையணை உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது துவைச்சதா?"

மெஷின் ஓட்டுகிற நெட்டை குனிந்துகொண்டு நின்றான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இதைத் துவைச்சதுன்னு சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?"

ஆபரேஷனுக்குப் பிறகு சூப்பர்வைசரின் கண் ரொம்பக் கூர்மையாகிவிட்டது. முன்பு தெரியாத கறையெல்லாம் இப்போது தெரிந்தது. ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்ணில் குத்தியது. கண்டதைச் சொல்லாமல் இருந்தால் அது வேலைக்குச் செய்கிற துரோகம் என்பதால் அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

சொல்லி முடித்து மேஜைக்கு வந்தால், அங்கே ஒரு கப் ஐஸ்கிரீம் இருந்தது.

"என்னது இது?"

"சும்மாதான் சார்," என்றான் நெட்டை. "சாப்பிடுங்க. உடம்புக்குக் குளிர்ச்சி."

அவனுக்குப் பின்னால் இஸ்திரியக்கா கையைக் கட்டிக்கொண்டு கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இளைத்துத் துரும்பான உடம்பு, மூலையில் உட்கார்ந்து அழுகை, பாதி முட்டை. இவர்கள் நான் போய்ச்சேரப் போகிறேன் என்று நினைக்கிறார்கள்!

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கரண்டி முந்திக்கொண்டது.

ஐஸ்கிரீம் மாட்டவில்லை, வலிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டது சாப்பிட்டது மாதிரி இருந்தது. கப்பைச் சுரண்டி முடித்தபோது அவர் மனசு இளகிப்போயிருந்தது. அன்று மாலை இன்னொரு கறை கண்ணில் பட்டபோதும், "பரவால்ல, இன்னொரு தடவை போட்டுடு" என்றார்.

மறுநாள் மில்க்‌ஷேக் வந்தது. அதற்கடுத்த நாள் கேக்.

இது சரிப்பட்டு வராது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பாசத்தோடு கொடுப்பதை எப்படி மறுப்பது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எனக்கு இனிப்பு ஆகாதும்மா," என்றார் இஸ்திரியக்காவிடம்.

"அப்படியா சார்? முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று அவள் ஓடிப்போய்ப் பெரிய பொட்டலமாக உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிவந்தாள். அதுவும் வாயில் போட்டதும் கரைந்து வழுக்கிக்கொண்டு போனது. கேக்கும் நிற்கவில்லை.

அடுத்ததாக, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லி ஒளித்துவைத்துப் பார்த்தார். சாக்லேட்டையும் கேக்கையும் சரக்கறையில் விரிப்புகளுக்கு அடியில் செருகினார். சாயங்காலம் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எண்ணம். சாயங்காலத்துக்குள் அந்த அடுக்கு வேனில் ஏறி ஹோட்டலுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் வேன் டிரைவர் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டார். வயதான மனிதர், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"கட்டில் பூரா எறும்பு சார். படுத்த ஆளு துள்ளி எந்திரிச்சு ஓடியிருக்கான். அத்தனையும் மறுபடி துவைக்கணுமாம்."

முதலாளி போனில் கூப்பிட்டு சூப்பர்வைசரின் காது கருகும்படி பேசினார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் வைத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சரக்கறையில யாரு தின்பண்டம் வச்சது?" என்று கத்தினார். "மனுஷங்களா நீங்க? இதைத்தான் சோறுபோடற இடத்துல செய்வீங்களா?"

யார் வைத்தது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் முகத்தில் வேதனைதான் இருந்தது. இப்படியும் நல்லவர்களா! மதியம் வந்த கேக் முந்தினதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. குற்ற உணர்ச்சியில் அவர் முழுவதையும் தின்றார்.

மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது உணவு ஆலோசகர் எடை மெஷினைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"இறங்கிட்டிருந்தது ஏறியிருக்கு. என்ன சாப்பிடறீங்க?"

"சூப்பு, முட்டை, கோழிதான்மா..."

"கரையற பண்டம் எதாவது?"

அவர் பெல்ட் கொக்கியைத் தடவினார்.

"அதெல்லாம் அந்தச் சின்ன வயித்துல தங்காது. வழுக்கிட்டு இறங்கிடும், அதனாலதான் வலிக்கலை. வலிக்கலைன்னா நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க. பழையபடி ஏறிட்டா, திரும்ப வெட்ட அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"யாருங்க உங்களுக்கு வாங்கித் தர்றது?"

"அவங்கமேல தப்பில்ல. பாசத்துல தர்றாங்க. நான் சாகப்போறேன்னு நினைக்கறாங்க."

"அவங்க நினைக்கறாங்க. நான் தெனமும் பயந்துட்டிருந்தேனே, அது உங்களுக்கு மறந்துபோச்சா? நீங்க மூச்சு விடறீங்களான்னு மூக்குக்கிட்ட கை வச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தவ நான். திரும்பவும் என்னை அங்க கொண்டுபோய் நிறுத்திடாதீங்க."

மறுநாள் அவள் அவருடனேயே கிளம்பி சலவை நிலையத்துக்கு வந்தாள். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் கைகூப்பினாள்.

"இவருக்கு ஒரு வியாதியும் இல்லீங்க. உடம்பு குறையறதுக்காக வயித்தைச் சின்னதா வெட்டியிருக்கு. அவ்வளவுதான். உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், இனிமே இவருக்கு எதுவும் குடுக்காதீங்க."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். மானம் போய்விட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படக்கூட இல்லை. நெட்டை இஸ்திரியக்காவைப் பார்த்தான். இஸ்திரியக்கா தரையைப் பார்த்தாள்.

"எதுவுமேவாம்மா?" என்று நெட்டை மெல்லிய குரலில் கேட்டான்.

"எதுவுமே."

"சின்னதா ஒரு கப்புகூட...?"

"கூடாதுப்பா."

இஸ்திரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், இன்னும் நம்பவில்லை என்று நினைத்தார் சூப்பர்வைசர். மனைவி தைரியத்துக்காகச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டார்கள் போல.

அதன்பிறகு மேஜைக்கு எதுவும் வரவில்லை. அவர் ஒழுங்குக்குத் திரும்பினார். முதலில் முட்டை, பிறகு கோழி, சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றார். வீட்டில் மனைவி தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார ஆரம்பித்தாள். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

வேலையிடத்தில்தான் ஒரே மௌனம். அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்தக் கூர்மையான கண்ணும் அவருக்குத் திரும்பிவிட்டது. சுருக்கம் தெரிந்தது, சோப்பு வாடை தெரிந்தது, நெட்டை மெஷின்மேல் சாய்ந்து நிற்பது தெரிந்தது. தெரிந்ததையெல்லாம் சொன்னார். இஸ்திரியக்காவிடம் ஒரே விரிப்பை மூன்று தடவை தேய்க்கச் சொன்னார்.

அன்று மதியம் மேஜைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கப் இல்லை. கல்யாண வீட்டுக்கு வாங்குகிற மாதிரி ஒரு முழு டப்பா ஐஸ்கிரீம், மூடி திறந்து கரண்டி செருகியிருந்தது. சற்றுத் தள்ளி எல்லோரும் ஒரே கும்பலாக நின்று மூச்சுவிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார். மனைவி முகம் நினைவுக்கு வந்தது. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். டிரைவர் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதை உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க," என்றார், குரல் தழுதழுக்க. "அப்படியே நீங்களாவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கண்ணே. எம்மேல இவ்வளவு உசிரா இருக்காங்களே, நான் என்ன செய்வேன்? வீட்டுக்காரி வந்து கையெடுத்துக் கும்பிட்டும் நம்பமாட்டேங்கறாங்க. நான் சாகப்போறதில்லைன்னு நல்லா மனசுல படற மாதிரி சொல்லுங்க."

டிரைவர் கடைசி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு நிதானமாகத் திரும்பினார்.

"நீங்க சாகப்போறீங்கன்னு இங்க ஒருத்தரும் நினைக்கல சார், வயிறு காஞ்சா நீங்க இவங்களைச் சாகடிக்கறீங்களேன்னுதான் முறை வச்சு வாங்கித் தர்றாங்க."