கப்பல் அண்ணாச்சி நம்பாத கம்ப்யூட்டர்

குற்றாலத்து அருவியையே விசாரித்துவிட்டுக் குளித்தவர் எங்கள் கப்பல் அண்ணாச்சி ஒருவர்தான். சாரல் காலத்தில் ஊரே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் பாயும். இவர் மட்டும் ஒரு கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேல எவனும் அடைச்சு வெச்சுத் திறந்து விடுதானா?" என்று காவல்காரரைக் கேட்பார். பால் தண்ணீராக இருந்தால் மாட்டைச் சந்தேகப்படுவார். கெட்டியாக இருந்தால் பால்காரனை.

எண்பதுகளில் தென்காசியில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். கப்பலில் ஒயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. ஜப்பான் துறைமுகத்தில் கற்றுவந்த 'கோ' ஆட்டத்துக்கு ஊரில் ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டார். கட்டம் போட்ட பலகையில் கருப்பும் வெள்ளையுமாகக் காய் வைத்து இடத்தை வளைக்க வேண்டும். சுற்றிலும் வழியெல்லாம் அடைபட்ட காய் செத்தது; பலகையிலிருந்து அள்ளிவிடலாம். சாயங்காலம் அவரிடம் நாலு திட்டு வாங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து அவருடைய அக்கா மகன் வந்து இறங்கினான், டி.வி.யில் மாட்டுகிற கம்ப்யூட்டரும் அவனே எழுதிய கோ புரோகிராமுமாக.

"மாமா, இதுகிட்ட தோத்தா என்கூட பெங்களூர் வந்துரணும். தனியா இங்கன கெடந்து என்ன செய்யுதிய?"

"தோத்தா வாரேன்லே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார் மனுஷர்! அவர் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார்?

அண்ணாச்சி கருப்பு, மெஷின் வெள்ளை. முதலில் டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்தார். என்னையும் விடவில்லை.

"ஏலே, தள்ளி உக்காரு. அதுக்குக் கண்ணக் காட்டிராத."

பாதி ஆட்டத்தில் வெள்ளைதான் முன்னால் என்று திரையில் எண் வந்தது.

"எத வெச்சுச் சொல்லுது?"

"ஒவ்வொரு காயும் ஒரு விளக்கு மாதிரி மாமா. பக்கத்துல வெளிச்சம் ஜாஸ்தி, தள்ளிப் போகப் போகக் கம்மி. கருப்பக் கூட்டி, வெள்ளையக் கழிச்சு, எந்த இடம் யாருக்குன்னு பாக்கும்."

"ஆடுததும் அது, தீர்ப்பு சொல்லுததும் அதுவா? நல்லாருக்குலே நியாயம்!"

எண் ஏறிக்கொண்டே போனது. மருமகன் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அண்ணாச்சியோ திரையையே முறைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று மூலையைக் காட்டினார். அங்கே பெரிய வெள்ளைக் கூட்டம் ஒன்று கருப்புக்குள் வகையாகச் சிக்கிக் கிடந்தது.

"இது இனிப் பொழைக்காது, செத்தாச்சுல்லா? இதையும் கணக்குல சேத்திருக்கா?"

மருமகன் தலையைச் சொறிந்தான். "பலகைல இருக்க வரைக்கும் உயிரோட இருக்குன்னுதான் அது நெனைக்கும் மாமா."

"அட களவாணி மெஷினே! செத்தவன் பேர்ல ரேஷன் வாங்குதியா?"

மெஷின் வேறெங்கோ காய் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, இவர் மூலையில் மிச்சமிருந்த வழிகளை அடைத்து வெள்ளையை அள்ளிவிட்டார். எண் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஆட்டம் முடிந்ததும் மருமகனை எண்ணச் சொன்னார், என்னை எண்ணச் சொன்னார், இரண்டு பேரையும் நம்பாமல் தாமே எண்ணினார். கருப்புதான் ஜெயித்திருந்தது.

"சரி மாமா, இங்கனயே இருங்க" என்று மருமகன் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏலே, கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"சாரல் அடிச்சிட்டு, அண்ணாச்சி."

எழுந்து போய்ச் சாத்தியிருந்த சன்னலின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.