விலகும் உரிமையை நான் படிப்பித்த கதை

குனிந்து சப்பாத்து நாடா கட்டினால் நிமிர்வதற்கு ஒரு கதிரை தேவைப்படும் நான், முரசுமோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருடம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநராக இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் மாற்றலாகிப் போனார். வரலாறு படிப்பிக்கும் எனக்குப் பாடவேளை குறைவு என்று அதிபர் கண்டுபிடித்தார். (நியமனம் என்பது அவ்வளவுதான்.)

தெரியாததை வாசித்தே தீர்ப்பது என் வியாதி. பிள்ளைகள் வைக்கோல் அடைத்த உரப்பைகளில் கரணமடித்துச் சொறிந்துகொண்டிருக்க, நான் நிழலில் இருந்து கைபேசியில் உலக ஜிம்னாஸ்டிக்ஸை வாசித்தேன். பயிற்றுநர்கள் அடித்ததும் பட்டினி போட்டதும் அம்பலமாகிக் காலம் மாறிவிட்டதாம். உலகச் சம்பியன்களே போட்டி நடுவில் "இன்று முடியாது" என்று விலகுகிறார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே அணியின் நான்கு பெண்பிள்ளைகளையும் இருத்தி முக்கால் மணித்தியாலம் பேசினேன். உடம்பு உங்களுடையது, பயமென்றால் விலகலாம், விலகுபவளை ஏசாமல் மற்றவர்கள் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். அடுத்த பள்ளிக்கூடத்தில் தடியோடு திரியும் பயிற்றுநரைக் காட்டுமிராண்டி என்றும் சொல்லிவைத்தேன்.

மாகாணப் போட்டி வவுனியாவில். ஓடிவந்து அந்தரத்தில் கரணமடிக்கும் பெட்டி தாண்டுதலில் முதற்சுற்று முடிய நாங்கள் முன்னணியில். இன்னும் ஒரு சுற்று வென்றால் கொழும்பில் தேசியப் போட்டி. எங்கள் பள்ளியில் இருந்து ஒருவரும் அதுவரை போனதில்லை. அதிபர் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். எங்கள் நால்வரில் தனுசிகாவைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஓட நின்றவள் திரும்பி என்னிடம் நடந்து வந்தாள்.

"சேர், இண்டைக்கு எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"பயமாக் கிடக்கு. மேல போனா எங்க நிக்கிறனெண்டு தெரியேல்ல. விலகிறன்."

ஒரு கணம் பெருமைப்பட்டேன். பிறகு அதிபர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அது உலகச் சம்பியன்மாருக்குச் சொன்னது. மாகாண மட்டத்துக்கு இல்லை."

"மாகாண மட்டத்தில விழுந்தாலும் கழுத்து முறியுந்தானே சேர்."

சொன்னவள் தரையில் இருந்துவிட்டாள். மற்ற மூவரும் வந்து பக்கத்தில் இருந்து, மணிக்கட்டுத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கெஞ்சினேன். ஐஸ்கிரீம் பேசினேன். கடைசியில் மண்டபம் அதிரக் கத்தினேன்:

"எழும்பு! எல்லாரும் பாக்கினம், என்ர மானம் போகுது!"

என்ர மானம். கூரையில் பட்டு அது எனக்கே திரும்பிக் கேட்டது. அவள் அழவில்லை, என்னைப் பார்த்தாள். அழுதிருக்கலாம்.

யாரோ என் தோளைப் பிடித்தார்கள். காட்டுமிராண்டி.

"விடுங்கோ மாஸ்டர். பயந்த பிள்ளையைப் பாயவிட்டு நான் ஒருக்காப் பட்டது போதும்," என்று சொல்லி, அவளிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில், ஓமந்தை தாண்டியும், வாசித்துச் சேர்த்த நல்ல குணம் எனக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது என்று அளந்துகொண்டு வந்தேன். முக்கால் மணித்தியால ஆழம். அதற்குக் கீழே தடி இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை தனுசிகாவின் தாய் கண்டாவளையில் இருந்து வந்தார். முறைப்பாடுதான் என்று எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையால் ஒதுக்கினார்.

"அது கிடக்கட்டும் சேர். இவள் இப்ப வீட்டில ஒரு வேலை செய்யிறாளில்லை. கோப்பை கழுவச் சொன்னாலும் 'விலகிறன்' எண்டுறாள். நீங்கள் ஒருக்கா வந்து, அண்டைக்குக் கத்தின மாதிரி ஒண்டு கத்திவிட்டுப் போங்கோவன்."