எனக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

உயிரோடு இருக்கும்போதே அனுதாபச் செய்தி வாங்கியவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன?

அந்த வருடம் என் மனைவி கலா வீட்டு வேலைக்குக் குவைத் போயிருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நான் தனி. சோறு இறங்காது, தூக்கம் வராது, எழுந்து முகம் கழுவக்கூடத் தோன்றாது. காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. ஹட்டனில் மனநலக் கிளினிக்குக்கு ஒருமுறை போனேன். மறுபடி போக வெட்கம் (பஸ்ஸில் பாதிப் பேர் நம்ம ஆட்கள். "எங்க பயணம்?" என்று கேட்காமல் விடுவார்களா?). அங்கிருந்த ஆலோசகர் மிஸ் நல்லவர்.

"வர முடியாட்டி பரவாயில்லங்க. தெனம் ஒங்க மொகத்த ஒரு படம் எடுத்து, மனசுல இருக்கிறத ரெண்டு வரி எழுதி வாட்ஸ்அப்ல போடுங்க" என்றார்.

அப்படியே செய்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரொம்ப மோசம். "இனி முடியல மிஸ். இருந்து என்ன செய்ய?" என்று எழுதிப் படத்தோடு அனுப்பினேன். மிஸ்ஸின் பெயரைத் தொடும் நேரம் பார்த்து, தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு பட்டியலில் மேலே ஏறியிருக்கிறது. என் முகம் அங்கே போய் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன்.

அந்தக் குழுவில் ஒரு முகம் வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கீழே எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்? வரிசையாகக் கும்பிடும் கைகள். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று போட்டவர் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரர். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் மாதக்கணக்காக என்னோடு பேசாத மனிதர்!

வெளியே சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் லொறியிலிருந்து இறங்குகின்றன. சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணன் லயத்து முனையில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"அடப்பாவி! நீ சாவலையா?"

"இன்னும் இல்லண்ணே" என்றேன். குசும்பு இல்லை. என்னிடம் இருந்த பதில் அதுதான்.

அதற்குள் போன் அடித்தது. கலா. அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். என் போனில் ஸ்பீக்கரில்தான் பேச முடியும், மற்றது பழுது.

"யாராச்சும் அவரு மொகத்த வீடியோவுல காட்டுங்க..." என்று கதறினாள்.

"நான்தான் கலா."

கதறல் நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முனியாண்டி அண்ணன் குழுவில் இருந்த என் படத்தை நீட்டினார். வேறொருவருக்கு அனுப்பியது இடம் மாறிவிட்டது என்று நான் சொல்ல, அதையே அவர் போனுக்குள் கத்திச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"படத்த வுடுங்க. கீழ எழுதியிருக்கீங்களே, அது நெசமா?"

அத்தனை பேரில் அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான். லயமே கேட்டுக்கொண்டு நின்றது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நெசந்தான்" என்றேன். மூக்கு ஒழுக, அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

கதிரைகளை யாரும் திருப்பி ஏற்றவில்லை. இழவு வீட்டில் விழித்திருப்பதுபோல என்னைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். குழாய்ச் சண்டைக்காரர் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து, "குடி" என்றார். காலையில் அதே லொறியில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். ஊருக்கே தெரிந்தபின் யாருக்கு ஒளிப்பது? அதன்பிறகு ஒரு கிளினிக் நாளும் தவறவில்லை.

கலா ஊர் திரும்பி வருடங்களாகிவிட்டன. நான் கொஞ்சம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், "என்னாங்க, கதிரைக்குச் சொல்லவா?" என்பாள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அவள் மட்டும் நான் பதில் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.